உங்கட தீவில ஆர் ஆரை எப்பிடிக் கூப்பிடுவினம்?

தங்கச்சி, நீங்கள் கேட்டதை முதல்ல சுருக்கிச் சொல்லுறன், வேற ஆரும் வாசிச்சாலும் விளங்கட்டும். கதை ஒண்டுக்காக ஒரு தீவையும், அந்தத் தீவுக் கடற்தொழில் சனத்துக்கு ஒரு மொழியையும் நீங்களே உருவாக்கிக்கொண்டு இருக்கிறீங்கள், 300 ஆக்களின்ர பேருக்கு மேல லிஸ்ட் போட்டிட்டீங்கள், இப்ப உங்கட கேள்வி ரெண்டு: குடும்பப் பேரை முன்னுக்குப் போடுறதோ பின்னுக்குப் போடுறதோ, அடுத்தது முன்னுக்கு நிக்கிற ஆளைச் சொல்ல ஒரு சொல் காணுமோ இல்லாட்டி 'நீ' 'நீங்கள்' எண்டு பிரிக்கவேணுமோ. அதோட மூண்டு பக்கம் உரையாடலும் அனுப்பியிருந்தீங்கள். ரெண்டு தரம் ஆறுதலா வாசிச்சன்.

மொழியின்ர ஓசை நல்லா இருக்கு, அதில எனக்குக் குறை சொல்ல ஒண்டும் இல்லை. ஆனா அந்த மூண்டு பக்கத்துக்குள்ள 'தல்மித்' எண்ட கிழவியின்ர பேர் 14 தரம் வருது. பேரன் சொல்லுறான், மருமகள் சொல்லுறா, மீன் வாங்க வந்தவன் சொல்லுறான், கோயில் பூசாரி சொல்லுறார், எல்லாரும் ஒரே மாதிரி 'தல்மித், இஞ்ச வா' எண்டு கூப்பிடுகினம். அதை வாசிக்கேக்க அந்தத் தீவில சனம் இருக்கிற மாதிரியே எனக்குத் தெரியேல்லை, டப் பண்ணின இங்கிலீஷ் படம் பாக்கிற மாதிரித்தான் இருந்தது.

நான் திருகோணமலையில பத்திரங்கள் மொழிபெயர்க்கிற ஆள், பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ், உறுதி, சத்தியக் கடதாசி எண்டு 22 வருசமாத் தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூண்டுக்கும் நடுவில ஆக்களின்ர பேரைத்தான் தூக்கிக்கொண்டு திரியுறன். நேத்து காலமை ஒருக்கா எண்ணிப் பாத்தன். வீட்டில மகள் 'அப்பா', மனிசி 'இஞ்சாருங்கோ', கேற்றடியில பக்கத்து வீட்டுப் பெடியன் 'மாமா', பாண் ஓட்டோக்காரன் 'ஐயா', நிலாவெளி பஸ்ஸில கொண்டக்டர் 'அண்ணை', கந்தோர் வாசல்ல நிண்ட பொலிஸ்காரர் சிங்களத்தில 'மாத்தயா', உள்ள போனா 'சேர்'. காலமை 10 மணி மட்டும் ஒரு சீவனும் என்ர பேரைச் சொல்லேல்லை. ஏழு பேர் கூப்பிட்டவை, ஏழு பேருக்கும் நான் ஏழு விதமான ஆள். உங்கட தல்மித்துக்கும் அதுதான் வேணும்.

அதால நான் சொல்லுறது இதுதான்: பேர் லிஸ்ட்டைக் கொஞ்சநாளைக்கு மூடி வையுங்கோ. முதல்ல கூப்பிடுற முறையைக் கட்டுங்கோ. ஆருக்கு ஆரின்ர பேரைச் சொல்ல உரிமை இருக்கு, உரிமை இல்லாதவை என்ன சொல்லுவினம், இந்த ரெண்டும் தெரிஞ்சால் பேர் வைக்கிற முறை தானா வந்து சேரும்.

இதில எங்கட இலக்கணம் உங்களுக்குப் பெரிய உதவி. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில வேற்றுமையைச் சொல்லேக்க ஏழோட விளியையும் சேர்த்து எட்டு எண்டு சொல்லிப்போட்டு, விளிமரபு எண்டு கூப்பிடுறதுக்கு மட்டும் ஒரு தனி இயலையே ஒதுக்கி வச்சிருக்கு. எந்த எழுத்தில முடியிற பேர் கூப்பிடேக்க எப்பிடி மாறும், எது மாறாது, எது விளியே ஏற்காது எண்டு ஒவ்வொண்டாச் சொல்லும். அவன், இவன், உவன் மாதிரிச் சுட்டுப் பேரை விளியாக்க ஏலாது எண்டும் இருக்கு. எனக்குப் பிடிச்சது தூரமும் கிட்டவும்: கிட்ட நிக்கிற ஆளைக் கூப்பிட்டால் பேர் இயல்பா நிக்கலாம், தூரத்தில நிக்கிற ஆளெண்டால் ஓசை அளவு கடந்து நீளும். இதைப் பொத்தகத்தில படிச்சு விளங்கத் தேவையில்லை, உப்புவெளிக் கரையில கரைவலை இழுக்கேக்க போய் நில்லுங்கோ. தோணியில நிக்கிறவனுக்குக் கரையில இருந்து குரல் போகவேணும், கடல் காத்து முகத்தில அடிக்கும். 'கணேசன்' எண்டு ஆரும் கத்தமாட்டினம், 'கணேசோஓஓ' எண்டுதான் போகும், கடைசி உயிரெழுத்துத்தான் காத்தைத் தாண்டிப் போற பகுதி.

உங்கட பேர்கள் எல்லாம் தல்மித், ஒரெக், சவுப் எண்டு வல்லினத்தில முடியுது. கடற்தொழில் சனம் இந்தப் பேரை வச்சுக்கொண்டு எப்பிடிக் கூப்பிடும்? 'ஒரெக்' எண்டு கத்திப் பாருங்கோ, க் எண்டதோட குரல் அறுந்துபோகும். பேரை மாத்தச் சொல்லேல்லை. ரெண்டு விளி வையுங்கோ. கிட்டத்து விளிக்குக் கடைசி மெய் விழட்டும், தல்மித் 'தல்மி' ஆகட்டும், ஒரெக் 'ஒரெ' ஆகட்டும். தூரத்து விளிக்கு ஒரு உயிர் வந்து ஒட்டட்டும், 'ஒரெக்கோஓ', 'தல்மித்தோஓ'. பிறகு பாருங்கோ, கதையில ஒருத்தன் பக்கத்தில இருக்கிற பெண்சாதியைத் தூரத்து விளியில கூப்பிட்டால் அது சண்டை, கடல்ல போனவன் திரும்பி வராத இரவு அவன்ர தாய் கரையில நிண்டு கிட்டத்து விளியில மெல்லமாக் கூப்பிட்டால் அது வேற கதை. இலக்கணத்தால ஒரு காட்சி கிடைக்குது.

மற்ற உருவாக்கின மொழியளில என்ன செய்திருக்கினம் எண்டதையும் கொஞ்சம் சொல்லவேணும், ஏனெண்டால் நீங்கள் எஸ்பெராந்தோவைப் பாத்துத்தான் துவங்கினதா எழுதியிருந்தீங்கள். அந்த மொழியை உருவாக்கின சாமன்ஹோஃப் 1887 இல வார்சாவில அந்த முதல் பொத்தகத்தை வெளியிடேக்க தன்ர பேரைப் போடேல்லை, 'தொக்தோரோ எஸ்பெராந்தோ' எண்டு புனைபேர் போட்டவர், நம்பிக்கையோட இருக்கிற டொக்டர் எண்டு கருத்து. மொழிக்கு அவர் வச்ச பேர் சர்வதேச மொழி எண்டதுதான், ஆனா சனம் அந்தப் புனைபேரையே மொழிக்குப் பேராக்கிப் போட்டுது. பேர் வச்சவருக்கே பேர் தன்ர கையில நிக்கேல்லை, இதையும் உங்கட தீவில நினைவில வையுங்கோ.

எஸ்பெராந்தோவில 'நீ'யும் 'நீங்களு'ம் ஒண்டுதான், 'வி'. ஒருத்தருக்கும் அதுதான், பத்துப் பேருக்கும் அதுதான், அரசனுக்கும் நாய்க்குட்டிக்கும் அதுதான். 'சி' எண்டு ஒருமைச் சொல் ஒண்டு இருக்கு, ஆனா பாவிக்கிற ஆக்கள் மிச்சம் குறைவு. அதுக்காக அந்த மொழியில மரியாதையோ அன்போ இல்லை எண்டில்லை, வேற இடத்தில போய் இருக்கு. ஐயா எண்டதுக்கு 'சின்யோரோ', அம்மணிக்கு 'சின்யோரினோ', பெரிய பதவியில இருக்கிறவைக்கு 'மோஷ்தோ', அந்த மொழி பேசுறவை ஒருத்தரை ஒருத்தர் சொல்ல 'சமிதெஆனோ', ஒரே எண்ணத்தைச் சேந்தவர் எண்டு. அன்புக்கு ரெண்டு விகுதி இருக்கு, அதுதான் எனக்கு அந்த மொழியில மிச்சம் பிடிச்ச இடம். எஸ்பெராந்தோவில ஒரு வேர்ச்சொல்லை உடைக்கவே கூடாது, எல்லாம் அப்பிடியே நிக்கவேணும், ஆனா செல்லமாக் கூப்பிடேக்க மட்டும் உடைக்கலாம். 'பாத்ரோ' தகப்பன், செல்லமா 'பாச்யோ'. 'பாத்ரினோ' தாய், செல்லமா 'பான்யோ'. யோஹானோ எண்ட பெடியன் 'யோச்யோ' ஆவான். அவ்வளவு ஒழுங்கா வெட்டித் தைச்ச மொழி, செல்லத்துக்கு முன்னால தன்ர சட்டத்தைத் தானே விட்டுக்குடுக்குது. எங்கட கோணேஸ்வரன் வீட்டுக்குள்ள கோணேஸ் ஆகி, கூட்டாளியளிட்டக் கோணேசு ஆகிறதும் இதே வேலைதான்.

லொஜ்பான் எண்ட மொழி வேற விதம். அது தர்க்கத்துக்காகக் கட்டினது, காதால கேட்ட உடன எந்தச் சொல் எங்க முடியுது எண்டு சந்தேகமே வரக்கூடாது, அதால மற்றச் சொல் எல்லாம் உயிரில முடியும், ஆக்களின்ர பேர் மட்டும் மெய்யில முடியவேணும், பிறகு சின்ன நிறுத்தம் ஒண்டு. 'மீனா' எண்ட பெட்டை அந்த மொழிக்குள்ள போனால் 'மீனாஸ்' மாதிரி ஆகவேணும். கூப்பிட 'தொய்' எண்டு முன்னுக்கு ஒரு சொல் வரும். உங்கட மெய்யில முடியிற பேரெல்லாம் அங்கயிருந்து வந்ததோ தெரியாது, அப்பிடியெண்டால் ஒண்டு யோசியுங்கோ, அவையளுக்கு அந்த விதிக்கு ஒரு காரணம் இருந்தது, உங்கட மீன்பிடிக்காரருக்கு அந்தக் காரணம் இல்லை.

போல் ஃப்ரொம்மர் 2009 இல வந்த ஒரு படத்துக்காக உருவாக்கின நாவி மொழியில மரியாதை ரெண்டு பக்கமும் இருக்கு. 'நீ'க்கு 'ங்கா', மரியாதையா 'ங்கெங்கா'. 'நான்' எண்டதுக்கு 'ஒயே', தாழ்மையாச் சொல்லேக்க 'ஒஹே'. எங்கட ஆக்கள் பழைய கடிதத்தில 'அடியேன்' எண்டு எழுதினது போல. மற்றவரை உயத்திறதும் தன்னைத் தாழ்த்திறதும் ரெண்டு வேற வேலை, ரெண்டும் வேணுமோ ஒண்டு காணுமோ எண்டு நீங்கள் முடிவெடுக்கலாம். ஸ்டார் ட்ரெக் படங்களுக்காக உருவாக்கின கிளிங்கான் மொழியில மார்க் ஒக்ராண்ட் மரியாதையைப் பேர்ச்சொல்லில வைக்காமல் வினைச்சொல்லின்ர கடைசியில 'நெஷ்' எண்டு ஒரு ஒட்டா வச்சார், அதையும் கட்டாயம் போடத் தேவையில்லை, போட்டால் அது ஒரு பெரிய விசயம். வினையில மரியாதை வைக்கிறது எங்களுக்குப் புதுசில்லை. சிங்களத்தில பிக்கு ஒருவர் சாப்பிடுறதைச் சொல்ல 'கனவா' வராது, 'வளந்தனவா' எண்டு சொல்லவேணும், அவர் வாறது போறது எல்லாம் 'வடினவா'. ஆளின்ர பேரையே எடுக்கத் தேவையில்லை, வினையைக் கேட்டாலே ஆரைப் பற்றிக் கதை நடக்குது எண்டு தெரியும்.

இனி உங்கட ரெண்டாவது கேள்வி. ஒரு சொல் காணுமோ எண்டால், காணும், எஸ்பெராந்தோ போல வேற இடத்தில வேலையைச் செய்விச்சால். ஆனா நீங்கள் தமிழில கனவு காணுற ஆள், அதோட எங்கட ஈழத் தமிழில வேற இடத்தில அருகிப்போன ஒண்டு இன்னும் கிடக்கு. நீ, நீர், நீங்கள். அதுக்கு மேல மேடையில, கடிதத்தில தாங்கள். இந்த நடுவில நிக்கிற 'நீர்' இருக்கே, அதுதான் பொன். புருசன் பெண்சாதியை 'நீர்' எண்டுவார், அவ அவரை 'நீங்கள்' எண்டுவா. ஒண்டா வேலை செய்யிற ரெண்டு பேர், வயசு கிட்டத்தட்ட ஒண்டு, கூட்டாளியும் இல்லை அந்நியமும் இல்லை, 'நீர் சாப்பிட்டிட்டீரோ?' 'ஓம், நீர்?' எண்டு கதைப்பினம். இனித் தகப்பன் மகனோட கோவத்தில கதைக்கிறதைப் பாருங்கோ, எப்பவும் 'நீ', 'டேய்' எண்டு கதைக்கிற மனிசன் ஒருநாள் மெல்லமா 'நீர் இனி உம்மட விருப்பத்துக்குச் செய்யும்' எண்டார் எண்டால் அந்த வீட்டில அண்டைக்கு அடுப்பு எரியாது. மரியாதை கூடினது போல இருக்கு, ஆனா உள்ளுக்குக் கதவு சாத்தியாச்சு.

அதால உங்கட மொழியில எத்தினை 'நீ' எண்டு எண்ணிக்கை பாக்கிறதை விட, ஒண்டில இருந்து மற்றதுக்கு எப்ப மாறுவினம் எண்டு எழுதி வையுங்கோ. கலியாணம் முடிஞ்ச அண்டைக்கு மாறுமோ, முதல் தரம் வலை இழுத்த அண்டைக்கோ, தகப்பன் செத்த அண்டைக்கோ? ஒரு மனிசன்ர சீவியத்தில மற்றவை அவனைச் சொல்லுற சொல் எத்தினை தரம் மாறுது எண்டு ஒரு கோடு கீறிப் பாருங்கோ, கதையின்ர முக்கால்வாசி அதில கிடக்கும். மூண்டாம் ஆளையும் விடாதேங்கோ, முகத்துக்கு நேர சொல்லுறதை விட ஆள் இல்லாத இடத்தில சொல்லுறதுதான் உண்மை. அவன், அவர், அவள், அவ. 'அவ' எண்டு நாங்கள் ஒரு பொம்பிளையைச் சொல்லுற மரியாதை இந்தியாக்காரருக்குச் சிலநேரம் விளங்காது. அதோட எங்களிட்ட இன்னும் உவன், உவர், உது எல்லாம் உயிரோட இருக்கு, உங்களுக்குக் கிட்ட நிக்கிறவர், எனக்குத் தூரம். 'உவர் ஆர்?' எண்டு ஒரு ஆள் கேட்டால் அதுக்குள்ளயே நீங்கள் நிக்கிற இடமும் வந்திடுது.

உறவுமுறைச் சொல்லுக்கு வாறன், இதில கொஞ்சம் நேரம் எடுப்பன். நீங்கள் லிஸ்ட்டில 'மாமா'வுக்கு ஒரு சொல், 'சித்தப்பா'வுக்கு ஒரு சொல், 'மாமனாரு'க்கு இன்னொரு சொல் போட்டிருக்கிறீங்கள். நல்லது, ஆனா அதுக்கு முன்னால ஒரு கேள்வி இருக்கு, உங்கட தீவில ஆர் ஆரைக் கலியாணம் கட்டலாம்? எங்களுக்குத் தாயின்ர சகோதரனும் மாமாதான், மனிசியின்ர தகப்பனும் மாமாதான், ஏனெண்டால் ஒரு காலத்தில ரெண்டும் ஒரே ஆளா இருக்கலாம், மச்சாளைக் கட்டிறது முறை. சித்தப்பாவின்ர மகள் தங்கச்சி, அவவைக் கட்ட ஏலாது, அதால அவவுக்கு மச்சாள் எண்ட சொல் வராது. சொல்லே சட்டமா நிக்குது. எஸ்பெராந்தோவில கலியாணத்தால வாற உறவுக்கு முன்னுக்கு 'போ' எண்டு ஒட்டினால் முடிஞ்சுது, 'போபாத்ரோ' மாமனார், 'ஓன்க்லோ' தாய் தகப்பன்ர சகோதரன், ரெண்டும் தொடவே தொடாது, ஏனெண்டால் அதை உருவாக்கின இடத்தில கலியாண முறை அப்பிடி. முதல் கலியாண முறையை முடிவெடுங்கோ, உறவுச் சொல்லுக்குப் பிறகு பாதி வேலைதான் இருக்கும்.

அதோட ஒரே தீவில ரெண்டு மூண்டு சனம் இருந்தால் என்ன நடக்கும் எண்டதுக்குத் திருகோணமலையை விட நல்ல இடம் வேணாம். 'தாத்தா' எண்ட சொல்லை எடுங்கோ. தமிழ் ஆளுக்குத் தாத்தா எண்டால் அப்பப்பாவோ அம்மப்பாவோ. சிங்கள வீட்டில தாத்தா எண்டால் தகப்பன். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் முஸ்லிம் வீட்டில ஒரு பிள்ளை தாத்தா எண்டு கூப்பிட்டால் வாறது அக்கா, ராத்தா எண்டும் சொல்லுவினம். ஒரு பஸ் ஸ்டாண்டில நிண்டு 'தாத்தா' எண்டு கத்தினால் மூண்டு தலைமுறை ஆக்கள் திரும்பிப் பாக்கலாம். அதே மாதிரி எங்களுக்கு ஐயா பெரியவர், சிங்களத்தில அய்யா அண்ணன். அக்கா ரெண்டிலயும் அக்கா. மச்சான் மட்டும் எல்லாருக்கும் பொது, எந்தச் சாதி சமயப் பெடியளும் ஒருத்தனை ஒருத்தன் மச்சான் எண்டுதான், கலியாண முறையில பிறந்த சொல் கூட்டாளிச் சொல்லாப் போச்சு. உங்கட தீவுக்கு அயல் தீவு ஒண்டு இருக்கெண்டு எழுதினீங்கள், அங்கயிருந்து ஒரு உறவுச் சொல்லை இரவல் வாங்கி, கருத்தை ஒரு தலைமுறை தள்ளி வச்சுப் பாருங்கோ.

உறவும் இல்லை, பேரும் சொல்ல ஏலாது எண்டால் தொழில் வந்து நிக்கும். சம்மாட்டியார், பரியாரியார், விதானையார், வாத்தியார். பிறகு கிராம சேவகர் எண்டு மாறினாலும் எங்கட ஊர்க் கிழவியளுக்கு அவர் விதானையார்தான். அந்த 'ஆர்' விகுதி ஒண்டே முழு மரியாதையையும் தூக்கிக்கொண்டு நிக்குது. பதவி பேராகவும் போகும், முஸ்லிம் பேர்களில லெப்பை, மரைக்கார் எல்லாம் அப்பிடி வந்து தங்கினதுதான். உங்கட பூசாரிக்குப் பேரே வேண்டாம் தங்கச்சி, கதை முழுக்க அவருக்கு ஒரு தொழில் சொல் காணும், கடைசியில அவர் செத்த பிறகு ஆரோ ஒரு ஆள் அவரின்ர பேரைச் சொல்லட்டும்.

சொல்லக்கூடாத பேர் எண்டு ஒண்டும் இருக்கு. எங்கட அம்மம்மா அம்மப்பாவின்ர பேரைச் சாகுமட்டும் சொன்னதில்லை, அவரின்ர பேர் 'வேல்' எண்டு துவங்கும், அதால அவ கோயில்ல வேலைக் கும்பிட்டாலும் 'முருகன்ர கையில இருக்கிறது' எண்டுதான் சொல்லுவா. 'இஞ்சாருங்கோ' எண்ட சொல்லே அப்பிடிப் பிறந்ததுதான், இஞ்ச பாருங்கோ எண்டது ஒரு ஆளின்ர பேரா மாறிப்போச்சு, அவர் திருப்பி 'இஞ்சாரும்' எண்டுவார். தென்னாபிரிக்காவில ஷோசா, சூலு சனத்திட்ட இது இன்னும் ஆழமாப் போயிருக்கு, ஹ்லொனிபா எண்டுவினம், மருமகள் மாமனாரின்ர பேரை மட்டுமில்லை, அந்தப் பேரில வாற அசை மற்றச் சாதாரண சொல்லில வந்தாலும் சொல்லக்கூடாது, அதுக்குப் பதிலா வேற சொல் பாவிக்கவேணும். ஒரு வீட்டு மருமகளுக்கும் அடுத்த வீட்டு மருமகளுக்கும் தண்ணிக்கு வேற வேற சொல் இருக்கலாம். மொழி உருவாக்கிற ஆளுக்கு இதை விட என்ன வேணும்? உங்கட தல்மித்தின்ர மருமகள் ஒரெக்கின்ர பெண்சாதி எண்டால், 'தல்' எண்ட அசையை அவ வாயில எடுக்காமல் ஒரு பக்கம் கதைக்கட்டும், வாசிக்கிற ஆள் ஏன் எண்டு விளங்கிற வரைக்கும் சொல்லாதேங்கோ.

இப்பத்தான் பேர் வைக்கிறதுக்கு வாறன், லிஸ்ட்டைத் திறவுங்கோ. 300 பேரும் ஒரே பெட்டியில இருந்து வந்தது போல இருக்கு, அழகா இருக்கு, ஆனா ஏன் இந்தப் பிள்ளைக்கு இந்தப் பேர் எண்டு தெரியேல்லை. எங்களுக்கு 31 ஆம் நாள் துடக்குக் கழிச்சுப் பேர் வைக்கேக்க நட்சத்திரம் பாப்பினம், 27 நட்சத்திரம், ஒண்டுக்கு நாலு பாதம், 108 துவக்க எழுத்து, அச்சுவினிக்குச் சு, சே, சோ, லா. எழுத்தைச் சாத்திரி குடுப்பார், மிச்சத்தை வீட்டுக்காரர் கட்டுவினம். கோணேஸ்வரர் கோயில் வாசல்ல வளந்த ஊர் எண்டதால இஞ்ச கோணேஸ்வரன், கோணேஸ்வரி, கோணாமலை எண்டு ஒரு தெருவில நாலு பேர் இருப்பினம், பேரைக் கேட்டே ஊரைச் சொல்லலாம். பாலியில மூத்தது வயான், பிறகு மாடே, நியோமான், கெதுத், ஐஞ்சாவது பிறந்தால் திரும்ப வயானுக்குப் போகும். கானாவில அக்கான் சனத்துக்குப் பிறந்த கிழமை பேரா வரும், வெள்ளிக்கிழமை பிறந்த ஆம்பிளை கொஃபி, சனிக்கிழமை எண்டால் குவாமே. உங்கட தீவில எதைப் பாத்துப் பேர் வைப்பினம்? அண்டைக்கு அடிச்ச காத்தைப் பாத்தால் எப்பிடி? வாடைக்குப் பிறந்தது, சோளகத்துக்குப் பிறந்தது எண்டு பேரில துவக்கம் ஒண்டு வரட்டும், 300 பேரும் நாலு குடும்பமாத் தானாப் பிரியும்.

ஒரு ஆளுக்கு ஒரு பேர் எண்டும் நினைக்காதேங்கோ. எழுத்தாளர் டோல்கியன், தன்ர கதையளுக்காக உருவாக்கின குவென்யா மொழி பேசுற சனத்துக்குத் தகப்பன் வைக்கிற பேர் ஒண்டு, தாய் வைக்கிற பேர் ஒண்டு, பிறகு ஊர் குடுக்கிற பேர் ஒண்டு எண்டு வச்சிருந்தார், தாய் வைக்கிற பேரில பிள்ளையின்ர குணமோ வரப்போற காலமோ சிலநேரம் தெரியும். எங்களுக்கும் பத்திரத்தில ஒண்டு, வீட்டில ஒண்டு, ஊரில பட்டப்பேர் ஒண்டு. ஒரு மனிசன் செத்து மரண அறிவித்தல் ஒட்டினால் கீழ அடைப்புக்குள்ள பட்டப்பேரையும் போடாட்டி ஆர் எண்டு ஊருக்கே தெரியாது.

குடும்பப் பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு முதல் கேள்வி. என்ர பதில், உங்கட தீவுக்குக் குடும்பப் பேர் தேவையோ எண்டு முதல் பாருங்கோ. ஐஸ்லாந்தில இண்டைக்கும் கனபேருக்கு அது இல்லை, தகப்பன்ர பேரோ தாயின்ர பேரோ வந்து 'சொன்' எண்டால் மகன், 'தோத்திர்' எண்டால் மகள், டெலிபோன் பொத்தகமே முதல் பேர் வரிசையிலதான் இருந்தது. சிங்களத்தில முன்னுக்கு 'கே' எண்டு முடியிற வீட்டுப் பேர் வரும், இன்ன வீட்டைச் சேந்த எண்டு. நாவியில பேர், பிறகு 'தெ', பிறகு குடும்பப் பேர், பிறகு தாய் தகப்பன்ர பேரோட மகன் மகள் எண்ட சொல். எங்களுக்குத் தகப்பன்ர பேரின்ர முதல் எழுத்து, கலியாணம் முடிச்ச பொம்பிளைக்கு அந்த எழுத்துப் புருசன்ர எழுத்தா மாறும். இது ஊருக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்லை. ஃபோம் வந்தால்தான் பிரச்சினை. நான் மொழிபெயர்த்த ஒரு குடும்பம், அண்ணன் ஒரு நாட்டுக்குப் போனான், தகப்பன்ர பேர் குடும்பப் பேராப் பதிஞ்சுது. தம்பி இன்னொரு நாட்டுக்குப் போனான், அங்க அவன்ர சொந்தப் பேரே குடும்பப் பேராப் பதிஞ்சுது. இப்ப ஒரு வயித்தில பிறந்த ரெண்டு பேரின்ர பிள்ளையளும் கடுதாசியில வேற வேற குடும்பம். தாயின்ர செத்தவீட்டுக்கு வர விசா எடுக்க, ரெண்டு பேரும் சகோதரம் எண்டு சத்தியக் கடதாசி முடிக்கவேண்டி வந்தது. அதை நான்தான் மொழிபெயர்த்தன், கையெழுத்து வைக்கேக்க அந்த மனிசன் அழுதார்.

அதால உங்கட தீவில ஆர் பேரை எழுதி வைக்கினம் எண்டு முடிவெடுங்கோ. ஒருத்தரும் எழுதாட்டி, ரெண்டு ஒரெக் இருக்கிற இடத்தில மட்டும் 'தல்மித்தின்ர ஒரெக்' எண்டு வரும், ஒரு ஒரெக் எண்டால் ஒண்டும் வராது. வரி வாங்க ஒரு கணக்கப்பிள்ளை அயல் தீவில இருந்து வந்தால், அண்டைக்குத்தான் குடும்பப் பேர் பிறக்கும், அது அவன்ர மொழி வரிசையில பிழையாப் பிறக்கும்.

கடைசியா ஒரு பயிற்சி தாறன், நானே செய்து பாத்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில ஒட்டியிருக்கிற மரண அறிவித்தல் ஒண்டை நிண்டு வாசியுங்கோ. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் மருமகளும், காலஞ்சென்ற இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் தாயாரும், இன்னாரின் மாமியாரும், இன்னாரின் பேத்தியாரும் ஆவார் எண்டு ஒரே வசனம், பத்து வரி. வேற்றுமை, பன்மை, உறவுச் சொல், மரியாதை, உயிரோட இருக்கிறவர், செத்தவர், எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள்ள வந்து நிக்கும். தல்மித்துக்கு அப்பிடி ஒண்டை உங்கட மொழியில எழுதுங்கோ. எங்க சொல் இல்லாமல் தடக்குப்படுதோ அங்கதான் உங்கட மொழிக்கு இன்னும் வேலை இருக்கு. எழுதி முடிச்சிட்டு, அந்த மூண்டு பக்கத்தையும் திரும்ப எடுத்து, பேரன் கிழவியைக் கூப்பிடுற முதல் வரியை மட்டும் மாத்தி எனக்கு அனுப்புங்கோ, அவன் என்ன சொல்லிக் கூப்பிடுறான் எண்டு எனக்குப் பாக்கவேணும்.